வெள்ளிக்கிழமை விமானம்

அத்தியாயம் 19

ஜோசப்ராஜின் நீல அட்டைக் கோப்பில் இருபத்தொரு காகிதங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வலது மூலையிலும் பென்சிலால் எண். முன்பக்கத்தில் பேனாவால், ஆங்கிலத்தில், ஒரு பொருளடக்கம். இறப்புச் சான்றிதழ் எண் மூன்று. தூதரகத்துக் கடிதம் ஏழு. ரத்து செய்த பாஸ்போர்ட் ஒன்பது. தங்கை புருஷன் சாஜன் வளைகுடாவில் வேலை செய்த இடத்திலேயே மயங்கி விழுந்து இறந்தபின், இந்தப் பதினோரு நாளில் நடந்தது அத்தனையும் அந்த அட்டைக்குள் வரிசையாக அடங்கியிருந்தது.

ஊரில் அடக்கம் செய்வதா, மும்பையிலா என்று மற்றவர்கள் இரண்டு நாள் போனில் மல்லுக்கு நின்றபோது, அணுசக்தி நகர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாகக் கோப்புப் பிரிவில் இருக்கும் ஜோசப்ராஜ் காகிதங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் இருக்காங்க. அவங்க பாத்துக்கிடுவாங்க" என்று தங்கை ரோஸி எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டாள். அண்ணனிடம் அவள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்.

"கோயிலுக்குப் போறதுக்கு முன்னால வீட்டுக்கு வரணும்ணே. அரைமணி நேரம் போதும். மூணு வருஷமா அவங்க இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கல."

"வரும்மா. நான் பொறுப்பு."

அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

காலையில் பையைத் தோளில் மாட்டும்போது அவர் மனைவி சுஜா வாசலை மறித்து நின்றாள். தாராவியில் ரோஸி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அவள்.

"பீரோல பைனாகுலர காணோம்."

"பையில கெடக்கும்."

"இன்னைக்கு எதுக்கு அது?"

"எடுத்து வைக்க நேரமில்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். சுஜா மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் பின்னால் நினைத்தார்.

ஏற்பாடு சுத்தமாக இருந்தது. பத்து ஐம்பதுக்கு விமானம். பதினோரு மணிக்கு ரோஸியின் மகள் சுனிதா ஆம்புலன்சோடு சஹார் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவு வாசலில் நிற்பாள். காகிதம் பார்க்க அழைப்பு வர எப்படியும் பன்னிரண்டு ஆகும். அதற்கு அரைமணி முன்னாலேயே ஜோசப்ராஜ் கோப்போடு போய்விடுவார். இரண்டரைக்கு வீடு. மூன்றரைக்கு ஆராதனை.

"குர்லால சின்ன வேல ஒண்ணு. முடிச்சுட்டு நேரா அங்க வந்துருதேன்" என்று சுனிதாவிடம் சொல்லியிருந்தார்.

குர்லாவில் இருந்த வேலை, ராஹிலின் மொட்டைமாடி.

ராஹில் மேலப்பாளையத்துக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது குர்லாவில். கீழ்த்தளத்தில் வெளிநாட்டுக் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை. நாலாவது மாடிக்கு மேலே, விமானங்கள் தரையிறங்க வரும் வழிக்கு நேர் கீழே, வானம். கீழே காரின் உறுமல், மேலே விமானத்தின் இரைச்சல் என்று பதினெட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை ஜோசப்ராஜ் அங்கேதான் செலவழித்திருக்கிறார். வாலில் எழுதியிருக்கும் பதிவெண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். பன்னிரண்டு வயதில் தொடங்கிய பழக்கம். அப்போது அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சொல்ல, எட்டு வயது ரோஸி பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாள். முதல் இரண்டு நோட்டும் அவள் கையெழுத்துதான்.

போன திங்கட்கிழமை வளைகுடா கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. உடலைப் புதன்கிழமை பயணிகள் விமானத்தில் அனுப்பலாம். அல்லது வெள்ளிக்கிழமை சரக்கு விமானத்தில். உங்களுக்கு எது வசதி?

ஜோசப்ராஜ் அந்தச் சரக்கு விமானத்தின் எண்ணைத் தேடிப் பார்த்தார். கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை, பார்த்தார். நாலு எஞ்சின் ஜம்போ. இந்த ரகத்தை இனி யாரும் கட்டப்போவதில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு விமானம் நடுராத்திரியில்தான் வந்து போயிருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து இந்தத் தடத்தில் அதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் பகலில் வருகிறது.

'வெள்ளிக்கிழமையே எங்களுக்கு வசதி' என்று பதில் எழுதினார். ஊரிலிருந்து சாஜனின் அண்ணன் ரயிலில் வந்து சேர இரண்டு நாள் வேண்டாமா என்ற காரணம், பதிலை அனுப்பிக் கால்மணி கழித்து அவருக்குத் தோன்றியது. நல்ல காரணம்தான். அதைப் பிடித்துக்கொண்டார்.

ரோஸியிடம், "வெள்ளிக்கிழமைதான் கெடைக்குதாம்மா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு, வந்த அஞ்சலையும் தன் பதிலையும் ஒரே தாளில் அச்செடுத்து, எண் பதினாலு போட்டுக் கோப்பில் வைத்தார். கை பழக்கம்.

வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில், "ஜோசப் பாய், ஆ கயா!" என்றான் ராஹில், வந்துவிட்டதென்று.

காட்கோபர் பக்கத்து மங்கலுக்குள்ளிருந்து முதலில் விளக்குகள் தெரிந்தன. பிறகு அந்த அகலமான நெற்றி. வீடியோவுக்கு நடுவில் யாரும் கூப்பிட்டுக் கெடுத்துவிடக் கூடாதென்று ஜோசப்ராஜ் போனை ஃப்ளைட் மோடில் போட்டார். எப்போதும் செய்வதுதான்.

வந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே ஒரு கல்யாண மண்டபம் மிதந்து வருவதைப்போல் வந்தது. இறக்கைகளின் நுனி மெல்ல நடுங்க, பதினாறு பின்சக்கரங்களும் நாலு கொத்தாகத் தொங்க, நாலு எஞ்சினும் ஒரே குரலில் பாட, அவர் மார்புக் கூட்டுக்குள் அந்தச் சத்தம் இறங்கியது. கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

"வந்துட்டான்டா ராஜா" என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். ராஹில் சிரித்தான். அவரும் சிரித்தார். நோட்டை எடுத்துப் பதிவெண்ணைக் குறித்தார். வரிசை எண் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு.

சாஜன் அதற்குள் இருப்பது, வால் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வந்தும் என்ன? ராஹில் சாயா வரவழைத்தான். வீடியோவை ஒருமுறை பார்த்தார்கள். நிறுத்தி நிறுத்தி இன்னொருமுறை. சக்கரம் தெரியும் இடத்தை மட்டும் மூன்றாம் முறை. நேரம் இருக்கிறது, பன்னிரண்டுக்குத்தானே.

பதினொன்று முப்பத்தைந்துக்குப் போனைப் பழைய நிலைக்கு மாற்றினார். வாட்ஸ்அப் செய்திகள் மடமடவென்று விழுந்தன. எல்லாம் சுனிதா.

மாமா எங்க இருக்கீங்க. மாமா பேப்பர்ஸ் இப்பவே வேணுமாம். டெட்பாடிக்கு முதல்ல பாப்பாங்களாம். ஹெல்த் ஆபீசர் பன்னெண்டு வரைக்கும்தான். மாமா ஃபைல் உங்க கிட்ட. மாமா ப்ளீஸ்.

கோப்பு அவர் தோளில் தொங்கியது, பைனாகுலருக்குப் பக்கத்தில்.

மாடிப்படியில் அவர் இறங்கிய வேகத்துக்கு ராஹில் பின்னாலேயே ஓடிவந்தான். "ரிக்‌ஷா புடிச்சா சாக்கிநாகாலயே செத்துருவீங்க. இத நான் எப்படியும் டிரையல் எடுக்கணும். உக்காருங்க."

அது மஞ்சள் நிறத்தில் ஓர் இத்தாலியக் கார். யாரோ ஒரு சேட்டுடையது. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஜோசப்ராஜ் ஒரு நொடி தயங்கினார், ஒரே நொடி. உள்ளே உட்கார்ந்து ராஹில் பொத்தானை அமுக்கியதும் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் இருமி எழுந்தது. எட்டு சிலிண்டர் என்று காது சொல்லிற்று. அந்த நேரத்திலும் அந்தக் காது இனித்ததை அவரால் தடுக்க முடியவில்லை. தன் காதைத் தானே பிடித்துத் திருகலாம் போலிருந்தது.

மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும் கார் சாக்கிநாகா சிக்னலில் ஒரு சிமெண்ட் லாரிக்குப் பின்னால் இருபது நிமிஷம் நின்றது. பக்கத்து ரிக்‌ஷாக்காரன் தலையை நீட்டி, "க்யா சேட், உடாவோ நா" என்றான். பறக்க விடச் சொல்கிறானாம். மூன்று பையன்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். ஜோசப்ராஜ் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சரக்குப் பிரிவு வாசலை அடைந்தபோது மணி பன்னிரண்டு இருபது.

ஆம்புலன்ஸ் படியில் வெள்ளைச் சுடிதாரில் சுனிதா உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கார் உறுமிக்கொண்டு வந்து நின்றதும் வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் போனை எடுத்து ஒரு படம் பிடித்தான். தரையோடு ஒட்டிய அந்தக் காரிலிருந்து ஜோசப்ராஜ் முதலில் ஒரு காலை வெளியே போட்டு, கதவைப் பிடித்து, குனிந்து, தவழ்வதுபோல் எழுந்து வந்தார். பையிலிருந்து பைனாகுலர் நழுவிக் கீழே விழுந்தது.

சுனிதா அதைக் குனிந்து எடுத்தாள். பார்த்தாள். அவரிடம் நீட்டினாள்.

"இதுல வந்தீங்களா மாமா?"

"ராஹிலு வண்டிம்மா. வழியில டிராஃபிக்..."

"ஃபைல் குடுங்க."

வாங்கிக்கொண்டு ஓடினாள். பத்து நிமிஷத்தில் நடந்து திரும்பி வந்தாள். ஓட வேண்டிய அவசியம் முடிந்துபோன நடை அது.

"ஆபீசர் போயாச்சு. இனி மூணு மணிக்குத்தான். பெட்டி உள்ள ரெடியா இருக்கு மாமா. கண்ணாடி வழியா பாத்தேன். சும்மா தரையில வச்சிருக்காங்க."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் போனைப் பார்த்தபடி, "அம்மாக்கு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

போதகரிடம் பேசிவிட்டு அவளைக் கூப்பிட்டார். ரோஸி முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் பெண்கள் பாடும் சத்தம் கேட்டது.

"கெளம்பிட்டீங்களாண்ணே?"

"கொஞ்சம் லேட்டாகும்மா. வெளிய எடுக்க நாலு மணி ஆயிரும். ஆராதனைய அஞ்சு மணிக்கு வச்சுக்கிடலாம்னு போதகர்ட்ட இப்பதான் பேசினேன். கல்லறத் தோட்டத்துல ஆறரைக்கு மேல விட மாட்டாங்க."

அவள் கணக்குப் போடுவது இங்கே கேட்டது.

"அப்ப வீட்டுக்கு?"

"நேரா கோயிலுக்குத்தான்மா கொண்டு வரணும்."

பாட்டு ஓய்ந்திருந்தது. யாரோ என்ன என்று கேட்டார்கள்.

"கட்டில வெளிய எடுத்துப் போட்டுட்டேன்ணே. பீரோவ மாரீஸ்வரி அக்கா வீட்டுக்குத் தூக்கியாச்சு. பெட்டி வைக்க எடம் பத்தாதுன்னு."

"தெரியும்மா."

"டிராஃபிக்காண்ணே?"

சுனிதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையில் இன்னும் அந்தப் பைனாகுலரின் வார் தொங்கியது.

"ஆமா" என்றார்.

"சரி. நீங்க என்ன செய்வீங்க, பாவம்."

அடி விழுந்திருந்தால் தாங்கியிருப்பார்.

நாலு பத்துக்கு வண்டி கிளம்பியது. சஹாரிலிருந்து தாராவி வரும்வரை நடுவில் சாஜனின் பெட்டி, பக்கத்துக்கு ஒருவராக அவர்கள். நைன்ட்டி ஃபீட் ரோடு வந்ததும் சுனிதா டிரைவரிடம், "பையா, தோ மினிட்" என்று இரண்டு நிமிஷம் கேட்டுத் தங்கள் சந்தின் முனையில் வண்டியை நிறுத்த வைத்தாள். முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தாள் போலும். ரோஸி கூட்டத்தோடு அங்கேயே காத்துக்கொண்டிருந்தாள். சந்துக்குள் நாற்பது அடி போனால் வீடு.

பின்னால் மாநகர பெஸ்ட் பஸ் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் டெம்போ. ரோஸி கதவருகே வந்து பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். பலகையில் ஒட்டியிருந்த சரக்குச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

"நம்ம சந்துதாங்க இது" என்றாள் பெட்டியிடம். "வந்துட்டீங்க."

ஹாரன்கள் கூடின. டிரைவர் திரும்பிப் பார்த்தான். ஜோசப்ராஜ்தான், "நேரமாச்சும்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது. நேரத்தைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் தகுதியில்லாத ஒரே ஆள் அவர்.

தாராவி லேபர் கேம்ப் கோயிலில் அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முன்னால் வரச் சொல்லிச் சுஜா கண் காட்டியும் போகவில்லை. போதகர் இறந்தவரின் உழைப்பைப் பற்றியும், எல்லா ஏற்பாட்டையும் தன் தோளில் சுமந்த மைத்துனரைப் பற்றியும் பேசினார். நாலைந்து தலைகள் பின்னால் திரும்பி அவரைப் பார்த்து அசைந்தன.

மடியில் கோப்பு இருந்தது. திறந்தார். எண் பதினாலு. வெள்ளிக்கிழமையே எங்களுக்கு வசதி.

சத்தமில்லாமல் அதை உருவினார். நாலாக மடித்துச் சட்டைப் பையில், பதிவெண் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போடக் குனிந்தபோது அந்தத் தாள் சட்டைப் பைக்குள் மொறுமொறுத்தது. மேலே எங்கோ ஒரு விமானம் போயிற்று. தலை நிமிராமலே அது என்ன ரகம் என்று காது சொல்லிவிட்டது. வாயை மூடு என்று அதட்டத் தோன்றியது. யாரை அதட்டுவது?

திரும்பும் வழியில் டாக்சியில் மறுபடி கோப்பைத் திறந்தார். பென்சில் எண்களை அழித்து வேறு போடலாம். பேனாவால் எழுதிய பொருளடக்கத்தை என்ன செய்வது? பதினாலு: விமானம் தேர்வு, அஞ்சலும் பதிலும். அவருடைய மணி மணியான கையெழுத்து. பதிமூன்றுக்கு அடுத்துப் பதினைந்து வந்தால் யாருக்கும் தெரியும். தாளைப் பிரித்து, தொடையில் வைத்து நீவி, இருந்த இடத்திலேயே செருகினார். நேர்மையிலா, பயத்திலா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

ரோஸி வீட்டு வாசலில் கட்டில் இன்னும் சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே, பெட்டிக்காக ஒழித்து வைத்த இடம் அப்படியே கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. சுவரோரம் ஒண்டி உட்கார்ந்திருந்தார்கள். சாஜனின் அண்ணனையும் மற்றவர்களையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு சுஜா மாரீஸ்வரி வீட்டுக்குப் போயிருந்தாள். மிச்சம் ரோஸி, சுனிதா, அவர் என்று மூன்று பேர்தான்.

"மாமா, அந்த ஃபைல் குடுங்க. கம்பெனிக்கு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பணுமாம்" என்றாள் சுனிதா.

கொடுத்தார். அவள் தமிழைத் தட்டுத்தடுமாறித்தான் படிப்பாள். கோப்பு முழுக்க ஆங்கிலம்.

ரோஸி அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, அவங்க வந்தது எந்த மாதிரி பிளேன்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நோட்டு எழுதிய எட்டு வயது முகம், இத்தனை நாள் அழுது வீங்கியிருந்தது.

"பெருசும்மா. நாலு எஞ்சின்."

"அது எறங்கும்போது நம்மாள் யாராவது பாத்திருந்தா நல்லாருக்குமேன்னு நெனச்சேன். ஒருத்தரும் இல்லாம, சாமானோட சாமானா வந்து எறங்கினாங்களேன்னு மனசு அடிச்சுக்குது. நீங்க வழியில மாட்டிக்கிட்டீங்க. இல்லன்னா கண்டிப்பா பாத்திருப்பீங்க."

இல்லை என்று சொன்னால் டிராஃபிக் என்ற பொய் தப்பிக்கும். ஜோசப்ராஜ் நெடுநேரம் பாயின் கோரையைப் பிய்த்தார்.

"பாத்தேன் ரோஸி."

"பாத்தீங்களா?"

"ராஹில் மாடியில இருந்து பாத்தேன். நல்லா எறங்கிச்சு. ஒரு குலுக்கல் இல்ல. பூ மாதிரி கொண்டாந்து வச்சான்."

ரோஸி அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அன்று முழுவதும் அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் உடைந்தது. "போதும்ணே. நம்ம வீட்டுக் கண்ணு ஒண்ணு பாத்துச்சுல்ல. அது போதும் எனக்கு."

அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விட்டு வைக்கவும் முடியவில்லை. அவர் மாடியில் நின்ற நேரத்தில் இவள் எதை இழந்தாள் என்று இவளுக்கு இன்னும் தெரியாது.

எதிரே காகிதம் புரளும் சத்தம் நின்றிருந்தது.

மற்ற இருபது தாளும் இஸ்திரி போட்டதுபோல் இருக்க, நடுவில் ஒன்று மட்டும் நாலாக மடித்த தழும்போடு எழும்பி நின்றிருக்க வேண்டும். சுனிதா அதை விரலால் அமுக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை படித்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"அம்மா, மாமாக்கு டீ ஊத்துங்க" என்றாள்.

அடுப்பு மூட்டாத வீடு. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த ஃபிளாஸ்க் மூலையில் இருந்தது. ரோஸி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சுனிதா முன்னால் சாய்ந்தாள். குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்தாள்.

"புதன்கிழமை ஃப்ளைட் பத்தி நீங்களே அம்மாட்ட சொல்லுதீங்களா மாமா? இல்ல, நான் படிச்சுக் காட்டவா?"

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு அறை கிடையாது.

டம்ளரில் விழுந்துகொண்டிருந்த டீயின் சத்தம் பாதியில் நின்றது.

"என்ன புதன்கிழமை?" என்றாள் ரோஸி.